பாட்டனாரின் துண்டு

"நீங்களுமா?"

ஊரிலிருந்து வந்த மடலில் நண்பர் கேட்டிருந்தது இந்த ஒரு சொல்தான். நலம் கேட்கவில்லை, நாடு எப்படி என்று கேட்கவில்லை, குளிர் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. நாங்கள் அனுப்பியிருந்த நிழற்படத்தைக் கண்டிருப்பார், நெற்றியைச் சுருக்கியிருப்பார், எழுதுகோலை எடுத்தார், எழுதிவிட்டார்.

அந்தப் படத்திலே எங்கள் ஏழு வயது மகள் நிற்கிறாள். ஸ்காட்லாந்திலே, கிளாஸ்கோ நகரிலே, ஒரு பள்ளிக்கூட மேடையிலே, ஏசு பிறந்த கதையைக் கூறும் நாடகத்திலே, ஆட்டிடையர் வேடம் பூண்டு நிற்கிறாள். அவள் தலையிலே பாட்டனாரின் துண்டு! அந்தத் துண்டின் வரலாறு நண்பருக்குத் தெரியும். ஆகவேதான் அவருக்குச் சினம்.

கேட்டது முறையான கேள்வி. மாலை மாற்றி மணம் புரிந்தவர்கள் நாங்கள். மந்திரம் ஓதிய ஆளில்லை. மகளுக்குப் பெயரிட நாளும் கோளும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர்கள் கடல் கடந்ததும் கிறிஸ்துமசுக்கு ஆயத்தமாகிவிட்டார்களே என்று அவர் எண்ணியதில் பிழையில்லை. உடனே பதில் எழுதக் கை துடித்தது. ஆனால், ஒரு குளிர்காலத்தை மட்டும் கண்டவர்கள் எழுதும் பதில் அவசரப் பதிலாகிவிடும் என்று பொறுத்தோம். இதோ, அடுத்த டிசம்பர் நெருங்குகிறது. கணவனும் மனைவியுமாக இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். நண்பருக்கு மட்டுமல்ல, தோழர்களே, உங்களுக்கும்.

முதலில் இருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருளைச் சொல்லாமல் இந்நாட்டுக் கிறிஸ்துமசைச் சொல்ல முடியாது.

நாங்கள் வந்து இறங்கியது செப்டம்பர்த் திங்களில். எங்களில் ஒருவருக்கு மருத்துவமனையிலே செவிலியர் பணி. மற்றவருக்கு வீட்டுப் பணி. சமையல், துணிமணி, மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லல், எஞ்சிய நேரத்தில் வேலை தேடல். ஊரிலே ஆசிரியராக இருந்தவர் அவர். அப்போது ஞாயிறு எங்களோடு நட்பாகத்தான் இருந்தது. அக்டோபரில் சற்று விலகியது. நவம்பரில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. டிசம்பரிலோ காலை எட்டே முக்கால் மணிக்கு மெல்ல எட்டிப் பார்த்துவிட்டு, மாலை மூன்றே முக்காலுக்கெல்லாம் விடைபெற்றுக்கொண்டது! ஏழு மணி நேரப் பகல்! சென்னையிலே ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் நீளம் உண்டு. இங்கே மகள் பள்ளிக்குப் புறப்படுகையிலும் விடியாத வானம். வீடு திரும்பிச் சிற்றுண்டி அருந்தி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரம்.

"சூரியனுக்கு உடம்பு சரியில்லையா, அப்பா?" என்று கேட்டாள் மகள். ஒரு நாரத்தம்பழத்தையும் கைவிளக்கையும் எடுத்துக் காட்டினோம். புவி இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்து நின்று சுழல்கிறது. டிசம்பரில் வடபுலம் ஞாயிற்றுக்கு அப்பால் சாய்கிறது. சாபமுமில்லை, சோதனையுமில்லை, சாய்வுதான் காரணம் என்று விளக்கினோம். புரிந்துகொண்டாள். ஆனால், காரணம் புரிந்ததால் குளிர் குறைந்துவிடவில்லை, தோழர்களே! அறிவு விளக்கேற்றும், அடுப்பேற்ற வேறு பொருள் வேண்டும்.

பனி கொட்டும் என்று படங்களைப் பார்த்து நம்பி வந்தோம். கொட்டியது மழை! கிளாஸ்கோ நகரம் ஏறத்தாழ மாஸ்கோவின் அட்சக்கோட்டிலேதான் இருக்கிறது. எனினும் அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டமும் மேலைக்காற்றும் இங்கே உறைபனியைக் குறைத்து, ஈரத்தை மிகுத்துவிடுகின்றன. எலும்பில் ஊறும் ஈரம் அது. குடை பிடித்தால் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சிரிக்கிறது. முதல் வாரமே பெரும்பொருள் கொடுத்துக் கனத்த மேலங்கி ஒன்று வாங்கினோம்; உள்ளே ஊரில் உடுத்திய பருத்திச் சட்டை. நடுக்கம் தீரவில்லை. எதிர்வீட்டு முதியவர் பார்த்துவிட்டு, "ஒரு கனத்த துணியைவிட மூன்று மெல்லிய துணி மேல், துணி அல்ல, துணிக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் உன்னைக் காக்கிறது" என்றார். பள்ளியிலே எத்தனையோ பிள்ளைகளுக்கு வெப்பக் கடத்தல் பாடம் நடத்தியவருக்கு, அந்தப் பாடம் அன்றுதான் உடம்பில் உறைத்தது!

வீட்டை வெப்பமாக்கும் கருவி பணத்தை விழுங்கிக்கொண்டே கனன்றது. முன்கூட்டிப் பணம் செலுத்தினால்தான் ஓடும் அளவுமானி. அதில் எண் குறையக் குறைய எங்கள் முகத்திலும் ஒளி குறைந்தது. வெப்பம் வீணாகக் கூடாதென்று சன்னல்களை இறுக மூடினோம். உள்ளேயே சோறு வடித்தோம், துணி உலர்த்தினோம். பதினைந்தே நாளில் படுக்கையறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம்! மறுபடியும் அதே முதியவர். "நாள்தோறும் பத்து நிமிடம் சன்னலைத் திற. நீராவி வெளியேறட்டும்." குளிரை விரட்டக் குளிரை உள்ளே விடுவதா? ஆம், அதுதான் அறிவு. நம் தோல் நிறத்தாருக்கு இங்கே வெயில் போதாது, நாள்தோறும் பத்து மைக்ரோகிராம் வைட்டமின் 'டி' உட்கொள்ள வேண்டும் என்பதும் அந்த இருளில் நாங்கள் கற்ற பாடம்.

இப்படி இருளோடும் ஈரத்தோடும் மல்லாடிக்கொண்டிருக்கையில், நகரம் திடீரென்று ஒளி உடுத்தத் தொடங்கியது. புக்கானன் தெருவின் மேலே விளக்குச் சரங்கள். கடைதோறும் ஊசியிலை மரங்கள். சன்னல்தோறும் மெழுகுவர்த்தி வடிவில் மின்விளக்கு. மாலை நான்கு மணி இருட்டில் அவற்றின் நடுவே நடந்தபோது, உண்மையைச் சொல்கிறோம், எங்கள் நெஞ்சமும் நெகிழ்ந்தது. சுவிசேஷங்களில் ஏசு பிறந்த தேதி குறிக்கப்படவில்லை. டிசம்பர் 25 என்ற நாள், 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமாபுரி ஏடொன்றில் காணப்படுகிறது. அதே ஏடு அதே நாளை வெல்லற்கரிய ஞாயிற்றின் பிறந்தநாளாகவும் குறித்திருக்கிறது. எந்தச் சமயம் எதிலிருந்து எடுத்தது என்ற வழக்கை அறிஞர்கள் நடத்தட்டும். இருண்ட நாளில் மாந்தர் விளக்கேற்றினர் என்ற செய்தி எங்களுக்குப் போதும். அது எந்த ஆலயத்துக்கும் தனியுடைமை அன்று.

எதிர்வீட்டு முதியவர் கூறிய செய்திதான் எங்களைத் திடுக்கிட வைத்தது.

"என் தந்தை கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையிலே வேலை செய்தார். நான் சிறுவனாயிருந்தபோது டிசம்பர் 25 அன்று காலையில் சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவார். எங்களுக்கு அது வேலை நாள்!"

நம்ப முடியவில்லை. தேடிப் படித்தோம். உண்மைதான்! 1640-ஆம் ஆண்டிலே ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் கால விடுமுறையைச் சட்டம் போட்டு ஒழித்தது. ஒழித்தவர்கள் நாத்திகர்களல்லர், வேதத்தில் விதிக்கப்படாத விழா எதற்கு என்று கேட்ட தீவிரக் கிறித்தவர்கள்! பின்னர் அச்சட்டம் போயிற்று. ஆனால், வழக்கம் போகவில்லை. 1958-இல்தான் கிறிஸ்துமஸ் நாள் இந்நாட்டிலே பொது விடுமுறையாயிற்று. விழா மரமோ ஜெர்மானிய வழக்கம். விக்டோரியா அரசியின் குடும்பம் அதைச் சூழ்ந்து நிற்கும் ஓவியம் 1848-இல் இலண்டன் ஏடொன்றில் வந்த பிறகே பிரித்தானியாவெங்கும் பரவியது. வாழ்த்து அட்டையோ 1843-இல் ஹென்றி கோல் என்பவர் அச்சிடச் செய்தது. ஓர் அட்டை ஒரு ஷில்லிங்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஆயிரமாயிரம் ஆண்டாய் அசையாமல் நிற்கும் பாறை என்று நாம் அண்ணாந்து பார்த்தது, மனிதர் கல்லெடுத்து, மனிதர் கட்டி, இடையே இடித்து, மறுபடி எழுப்பிய சுவர்! எந்த வழக்கத்தைக் குறித்தும், "தொன்றுதொட்டு இப்படித்தான்" என்று எவர் சொன்னாலும், "எந்த ஆண்டு தொட்டு?" என்று திருப்பிக் கேட்கலாம். அந்தக் கேள்விக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

ஆனால், வரலாறு படித்துவிட்டால் வாழ்க்கை எளிதாகிவிடுகிறதா? மகள் பள்ளியிலிருந்து இருபத்திரண்டு வாழ்த்து அட்டைகளோடு வந்தாள். நாங்கள் ஒன்றுகூடக் கொடுத்தனுப்பவில்லை! இது வகுப்பு வழக்கம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அன்றிரவே மூவரும் தரையில் அமர்ந்து, வண்ணக் காகிதத்தை வெட்டி, இருபத்திரண்டு அட்டை செய்தோம். அதில் ஏசுவும் இல்லை, வெண்தாடித் தாத்தாவும் இல்லை. ஒரு விளக்கு, அதன்கீழ் "நலமே விளைக" எனத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினாள் மகள். 'ழ'கரம் இல்லாத வாழ்த்தாகத் தேர்ந்துகொண்டாள். அவளுக்கு அது இன்னும் சரியாக எழுத வராது!

அடுத்து வந்தது வெண்தாடித் தாத்தா சிக்கல். "அவர் உண்மையா?" என்று நேருக்கு நேர் கேட்டாள். பொய் சொல்வதில்லை என்பது எங்கள் இல்லத்துச் சட்டம். "அல்லர். பரிசை வாங்குவது அம்மாவின் இரவு வேலைக் கூலி" என்றோம். சிறிது நேரம் மௌனம். பிறகு, "அப்படியானால் கடிதத்தை அம்மாவுக்கே எழுதிவிடுகிறேன்" என்றாள்! மறுநாள் இந்த உண்மையை வகுப்பு முழுவதும் பறைசாற்றப் புறப்பட்டவளை நிறுத்தினோம். "உன்னைக் கேட்டால் உண்மை சொல். கேளாதவர் கையிலிருக்கும் பொம்மையைப் பிடுங்காதே." இது கோழைத்தனமா, பண்பா? நாங்கள் இருவரும் இன்னும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆறு வயதுக் குழந்தையின் கனவுத் தாத்தா யாருடைய குடிசையையும் கொளுத்தவில்லை. யாரையும் தெருவில் நடக்காதே என்று தடுக்கவில்லை. எந்தப் பொய்யை இன்றே முறிக்க வேண்டும், எது வளர வளரத் தானே உதிரும் என்று பிரித்தறிவதும் பகுத்தறிவுதானே!

மருத்துவமனையில் வேறொரு சோதனை. டிசம்பர் 25-க்கான பணிப்பட்டியலில் எங்கள் பெயர் ஏறியிருந்தது. "உங்களுக்குத்தான் கிறிஸ்துமஸ் இல்லையே" என்றார்கள், சிரித்த முகத்தோடு. வேலை செய்ய மனமில்லாமலில்லை. நோய்க்கு ஏது விடுமுறை? ஆனால், கேட்காமலே எழுதிவிட்டார்களே! ஒன்றுமில்லாதவர் என்று ஒரு மனிதரைக் கணக்கிடுவது, எத்தனை கனிவாகச் சொன்னாலும் கணக்குப் பிழைதான். இரண்டு நாள் மனம் புழுங்கியது. மூன்றாம் நாள், இரு சிறு பிள்ளைகளுக்குத் தாயான சக செவிலியர் ஒருவரிடம், "எங்களுக்கும் ஒரு நாள் உண்டு. தை முதல் நாள். உழவருக்கு, நெல்லுக்கு, மாட்டுக்கு நன்றி சொல்லும் நாள்" என்று மனம் திறந்தோம். அவர் வியந்தார். "மாட்டுக்கு நன்றியா?" என்று இருமுறை கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "அன்று உங்கள் வேலையை நான் பார்க்கிறேன். கிறிஸ்துமஸ் நாளில் என் வேலையை நீங்கள் பாருங்கள்." இருவரும் சேர்ந்து போய்ப் பட்டியலைத் திருத்தி எழுதச் செய்தோம். அதே நாள், அதே வேலை, அதே பெயர்தான். ஆனால், முன்னர் அது எங்கள்மீது சுமத்தப்பட்டது. இப்போது நாங்கள் கொடுத்தது!

இனி, துண்டுக்கு வருகிறோம்.

"இடையர் வேடம், தலையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டு கொடுத்தனுப்புக" என்று பள்ளியிலிருந்து குறிப்பு வந்தது. இந்நாட்டுப் பிள்ளைகள் இதற்குச் சமையலறைத் துண்டைக் கட்டிக்கொள்வார்களாம். மகள் நாங்கள் கேட்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த பாட்டனாரின் துண்டை எடுத்துவிட்டாள்.

தஞ்சைச் சீமையில் கூலி உழவர் எங்கள் பாட்டனார். பண்ணையார் வருகிறார் என்றால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். ஆண்டாண்டாய் இறங்கிய துண்டு அது. ஒரு நாள் இறங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "தோள் என்னுடையது" என்றாராம். அந்தப் பருவம் முழுவதும் வேலை கொடுக்கவில்லை. அடுத்த ஊருக்குப் போய் மண் சுமந்தார். துண்டு மட்டும் இறங்கவேயில்லை. நாங்கள் புறப்படும்போது வீட்டார் எங்களிடம் கொடுத்த ஒரே சொத்து அதுதான்.

எங்களில் ஒருவர் வெகுண்டார். "தோளேறிய துண்டை, கடவுள் கதையிலே மண்டியிடும் வேடத்துக்குக் கொடுப்பதா? வேறு துணி இல்லையா?" மற்றவர் அமைதியாகக் கேட்டார்: "அரசன் வேடத்துக்கா கேட்டார்கள்? இடையன் வேடத்துக்குத்தானே! அந்தக் கதையை நாம் நம்பவில்லை. ஆனால், கதை எழுதியவன், செய்தி முதலில் அரண்மனைக்குப் போனதாக எழுதவில்லை. இரவிலே விழித்து மந்தையைக் காத்தவர்களுக்கு வந்ததாக எழுதினான். இரவிலே விழித்து உழைப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பாட்டனாருக்கும் தெரிந்திருக்கும்."

வாதம் நள்ளிரவுவரை நீண்டது. மறுநாள் ஆசிரியையைச் சந்தித்தோம். அவர் முகம் சுளிக்கவில்லை. சமய வழிபாட்டிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையை 1980-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்கு அளிக்கிறது என்று அவரே எடுத்துரைத்தார். "மண்டியிடுவதும் கட்டாயமில்லை, நிற்கலாம்" என்றார். விலக உரிமையுள்ள இடத்தில் கலந்துகொள்வது அடிமைத்தனம் ஆகாது. முடிவை மகளிடமே விட்டோம். துண்டின் வரலாற்றை முதன்முறையாக அவளுக்கு முழுவதும் சொன்னோம். கேட்டுவிட்டு, துண்டைக் கையால் ஒருமுறை தடவினாள், ஒன்றும் சொல்லவில்லை.

நண்பரே, அந்தப் படத்தை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். மேடையில் மூன்று இடையர்கள். இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். நம் பெண் நிற்கிறாள்! முதுகு நிமிர்ந்து நிற்கிறாள்!

பெருமை பொங்க, "ஏன் நின்றாய், கண்ணே?" என்று கேட்டோம்.

"குனிந்தால் துண்டு விழுந்துவிடும், அப்பா" என்றாள்.

சிரித்தோம், கண்ணீரும் வந்தது. கொள்கை விளக்கத்தை எதிர்பார்த்த எங்களுக்குக் கிடைத்தது குழந்தையின் நடைமுறைப் பதில். ஆனால், பாட்டனார் அன்று சொன்னதும் ஏறக்குறைய இதுதானே!

கிறிஸ்துமஸ் நாள் வந்தது. அன்று இரயில் ஓடாது, பேருந்தை நம்புவதற்கில்லை. விடியாத காலையில் வாசலில் வந்து நின்றது, அந்தச் சக செவிலியருடைய கணவரின் வண்டி. தம் பிள்ளைகள் பரிசுப் பொட்டலம் பிரிக்கும் முன்னே வந்து, எங்களில் ஒருவரை மருத்துவமனையில் இறக்கிவிட்டுச் சென்றார். வீட்டிலிருந்தவர் சமைத்தார். இந்நாட்டார் அன்று தவறாமல் வேகவைக்கும் குட்டி முட்டைக்கோசைக் கடுகு தாளித்து, தேங்காய் தூவிப் பொரியலாக்கினார். மனைவியை இழந்து தனித்து வாழும் எதிர்வீட்டு முதியவர், வறுத்த கோழியோடும் காகித வெடியோடும் வந்தார். இரு முனையிலும் இருவர் பிடித்திழுக்க, வெடி வெடித்தது. உள்ளேயிருந்து காகித மகுடம் விழுந்தது. அவருக்கொரு மகுடம், மகளுக்கொரு மகுடம், சமைத்தவருக்கொரு மகுடம். முடி சூடாதவர் எவருமில்லாத அவை அது! பொரியலை மும்முறை கேட்டு வாங்கி உண்டார் முதியவர். "எண்பதாண்டாக இந்தக் காயை வெறுத்து வந்தேன், காயின் குற்றமில்லை போலும்" என்றார்.

தை பிறந்தது. சொன்ன சொல் தவறாமல் எங்கள் வேலையை ஏற்றார் அந்தத் தாய். மாலையில் பணி முடிந்து களைப்போடு வீட்டுக்கு வந்தவரிடம் சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்தோம். "மாட்டுக்கும் வைத்தீர்களா?" என்று கேட்டார்! மறக்கவில்லை.

ஆகவே, நண்பரே, "நீங்களுமா?" என்ற உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இது. நாங்கள் தொழவில்லை. கடன் வாங்கிப் பரிசு குவிக்கவில்லை. குழந்தையிடம் பொய் சொல்லவில்லை. ஆனால், இருளிலே விளக்கேற்றுபவர் அருகே போய் நின்றோம். தனித்திருந்தவரோடு உண்டோம். பிறர் திருநாளில் அவருக்காக உழைத்தோம்; நம் திருநாளில் அவர் நமக்காக உழைத்தார். இதிலே எதைத் துறக்க வேண்டும் என்று எழுதுங்கள், ஆராய ஆயத்தமாயிருக்கிறோம்.

இந்த ஆண்டுப் பணிப்பட்டியல் நேற்று வந்துவிட்டது. டிசம்பர் 25-க்கு நேரே எங்கள் பெயர். தை முதல் நாளுக்கு நேரே அவர் பெயர். இம்முறை இருவரையும் கேட்டே எழுதினார்கள். மகளுக்கு இவ்வாண்டு நாடகத்தில் வேடமில்லை, பாட்டு மட்டும்தான். துண்டைத் துவைத்து, சன்னலைப் பத்து நிமிடம் திறந்து வைத்து, உலர்த்தி, மடித்து, பெட்டியில் வைத்துவிட்டாள். அடியில் அல்ல, மேலே.